ஆர்டித் கலக்கிய தொட்டி

இன்னும் எழும்பாத கட்டடத்துக்குள் கணினியில் ஜனவரிக் குளிரைக் கொண்டுவந்து விடுவதுதான் கனடாவின் வினிபெக்கில் ஆர்டித் பென்னரின் வேலை. எந்த அறை கதகதக்கும், எது விறைக்கும் என்று மென்பொருள் காட்டிவிடும். பிடிவாதக்காரி என்று அலுவலகத்தில் பெயர். அவளும் மறுத்ததில்லை.

ஒரு கூட்டுறவுக் குடியிருப்பின் வேலை வந்தது. இரவில் வெந்நீர் காய்ச்சி அடித்தளத் தொட்டியில் சேமித்து, காலையில் குழாய்களில் சுற்றவிட்டு வீடுகளைச் சூடாக்கும் திட்டம். சின்னத் தொட்டியே போதும் என்று முதலாளி கோர்ட் வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார். தொட்டிக்குள் சூடான நீர் மேலேயும் குளிர்ந்த நீர் கீழேயும் அடுக்காக நின்றால்தான் அது போதும். பம்புகளின் வேகத்தில் திரும்பி வரும் நீர் எல்லாவற்றையும் கலக்கிவிடும். அந்தக் கலக்கத்தை ஆர்டித் கணக்கில் சேர்த்ததும் திரையில் மேல்மாடி விறைத்துப்போனது.

“கலக்கறதை எடுத்துடு. அடுக்காவே வை,” என்றார் கோர்ட்.

“நாம சொன்னா தண்ணி அடுக்கா நிக்குமா?”

“மென்பொருள்ல நிக்குதில்ல?”

“மென்பொருள்ல யாரும் குடியிருக்கல, கோர்ட்.”

“ஒரு தொட்டிக்காக வேலையை விடப்போறியா?”

“நானா விடமாட்டேன். வேணும்னா நீங்க அனுப்புங்க.”

கூட்டுறவின் தலைவி நெட்டி ஹுசாக், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். கூட்டத்தில் அவர் நேரடியாகக் கேட்டார்: “மேல்மாடிக்கும் சூடு வருமா?”

“கண்டிப்பா,” என்றார் கோர்ட்.

“வராது,” என்று எழுந்தாள் ஆர்டித்.

“இவளுக்கு எதுக்கெடுத்தாலும் கவலை,” என்று கோர்ட் சிரித்தார்.

“கவலைப்பட ஒருத்தராவது இருக்கட்டுமே. நீ சொல்லும்மா,” என்றார் நெட்டி.

அவள் தன் கணக்கைத் திரையில் ஓடவிட்டாள். விடியற்காலையில் மேல்மாடி முழுக்கக் குளிரைக் காட்டும் நீலமானது.

“அந்த நீலத்துலதான்யா என் வீடு!” என்று கோர்ட்டிடம் சீறிவிட்டு, ஆர்டித்திடம் திரும்பினார் நெட்டி. “இப்ப என்ன செய்யணும்?”

“தொட்டி உயரமா இருக்கணும். பம்பு மெதுவா ஓடணும். திரும்பி வர்ற தண்ணி அடியில அலுங்காம இறங்கணும். தண்ணி மெதுவா வந்தா, வீட்டைச் சூடாக்கற ரேடியேட்டர் எல்லாம் பெருசாகணும். செலவும் கூடும். மறைக்க மாட்டேன்.”

கூட்டுறவினர் ஒப்புக்கொண்டார்கள். மறுநாள் காலையே கோர்ட் அவளைக் கூப்பிட்டார்.

“எல்லார் முன்னாடியும் என்னை அசிங்கப்படுத்திட்ட. கிளம்பு.”

“நீங்க உண்மையைச் சொல்லியிருந்தா நான் உட்கார்ந்தே இருந்திருப்பேன்,” என்று சொல்லி, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினாள்.

செய்தி ஊரெல்லாம் பரவியது. நிறுவனங்கள் அவளைக் கூப்பிடத் தயங்கின. அக்காவின் வீட்டில் பெரோகி என்ற கொழுக்கட்டையைச் சாப்பிட்டு, கையில் கிடைத்த சில்லறை வேலைகளைச் செய்து காலம் தள்ளினாள். வருத்தம் இருந்தது, ஆனால் அன்று கூட்டத்தில் எழுந்து பேசியதற்காக அல்ல.

குடியிருப்பு திறந்த முதல் குளிர்காலத்தில் நெட்டி தொலைபேசியில் அழைத்தார். “வெளியே கண்ணிமையே உறையுது. நான் இங்க அரைக்கைச் சட்டையோட உட்கார்ந்திருக்கேன், தெரியுமா?”

அதே வாரம் வேறொரு நிறுவனத்தில் நேர்காணல். “வாடிக்கையாளர் முன்னாடியே முதலாளியை மறுத்துப் பேசினது நீங்கதானே?” என்று கேட்டார்கள்.

“நான்தான். இங்கயும் பேசுவேன்.”

ஒருவர் முகம் சுளித்தார். பக்கத்தில் இருந்த பெண்மணி சிரித்துவிட்டு, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.