இரண்டு நீலக் குறிகள்

கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடம் மூடப்பட்ட வாரத்தில் நான் மூன்று பட்டியல்கள் தயாரித்தேன். சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்த பதினோராம் ஆண்டு வகுப்பு. நான் கணித ஆசிரியர். முதல் பட்டியலில் சூம் வகுப்புக்கு வரக்கூடியவர்கள். இரண்டாவதில், வீட்டில் போன் இருந்தும் டேட்டாவுக்குக் கஷ்டப்படுகிறவர்கள். அவர்களுக்குக் கணக்கைத் தாளில் படிப்படியாகச் செய்து, படமெடுத்து, வட்ஸ்அப்பில் தனித்தனியே அனுப்பினேன். மூன்றாவதில் போனே இல்லாதவர்கள். அவர்களுக்குரிய பாடத்தை ஒவ்வொரு வாரமும் போட்டோ கொப்பிக் கடையில் கட்டாக வைத்தேன். ஊரடங்கு தளரும்போது வந்து எடுத்துக்கொண்டார்கள்.

ஆசிரியராவதற்கு முன் சில வருடங்கள் பத்திரிகையொன்றின் பிரதேச நிருபராக இருந்தேன். பட்டியல் போடும் பழக்கமும் கண்ணால் கண்டதை மட்டும் நம்பும் பழக்கமும் அங்கிருந்து வந்தவை. இரண்டாம் பட்டியலுக்கு என் கண்ணால் கண்ட சாட்சி, அனுப்பிய படத்தைத் திறந்து பார்த்ததும் அதன் கீழே விழும் இரண்டு நீலக் குறிகள். டேட்டா வீணாகும் என்பதால் விடைகளை அனுப்ப வேண்டாம், பள்ளி திறந்ததும் கணக்குச் செய்த கொப்பியைக் கொண்டுவந்தால் போதும் என்று சொல்லியிருந்தேன். அது நல்ல யோசனை என்றே அப்போது பட்டது.

இரண்டாம் பட்டியலில் ஒரு மாணவி இருந்தாள். உயிரியல் படிக்க வேண்டும் என்று ஒன்பதாம் ஆண்டிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள். அதற்குக் கணிதத்தில் நல்ல புள்ளிகளோடு சித்தியடைய வேண்டும். பட்டியல் போட்ட அன்று, “வீட்டில ஸ்மார்ட் போன் இரிக்கா?” என்று கேட்டபோது, “ஓம் சேர்” என்று கை உயர்த்தினாள். அவளுக்கு அனுப்பிய எல்லாப் பாடத்திலும் நீலக் குறி விழுந்தது. பல நாட்களில் அனுப்பிய சில நிமிடங்களிலேயே விழுந்தது.

பள்ளி திறந்தது. அவளுடைய கொப்பி வெறுமையாக இருந்தது.

“எல்லாத்தையும் பார்த்திரிக்காய். ஒண்டையும் செய்யல்ல. இந்த நீலக் குறி பொய் சொல்லுமா?” என்று வகுப்பின் முன் கேட்டேன்.

அவள் கொப்பியை எடுத்து மூடினாள். பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “சேர், நீலக் குறி விழுந்தா பார்த்ததுதான், படிச்சதில்ல. எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான்” என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பதிலை இன்னும் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

பரீட்சைக்கு முன் நடந்த பெற்றார் கூட்டத்துக்கு அவளுடைய உம்மா வந்தார். மகள் போனைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறாள் என்றேன்.

“எந்தப் போன் சேர்? அது மூத்த மகள்ர மாப்புளர போன். அவர்தான் திறந்து பார்ப்பாரு. ‘மச்சி, சேர்ர கணக்கு வந்திரிக்கி’ எண்டு இவளுக்குச் சத்தமா சொல்லுவாரு. பிறகு சட்டப் பைக்குள்ள போட்டுட்டு வெளிய போயிருவாரு.”

“கேட்டா குடுக்க மாட்டாரா?”

“ஏன் குடுக்காம? தங்கமான மனிசன். கேக்கிறதுதான் ஏலாது சேர். அப்ப கலியாணம் முடிச்சி ரெண்டு மாசந்தான். புதுமாப்புள சாப்பிடுற பக்கம்கூட இவ போகமாட்டா. ‘நீ கேட்டு வாங்கிக் குடு’ எண்டு மூத்தவகிட்டச் சொன்னேன். அவளுக்கும் வெக்கம். நம்மட ஊருதானே, உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். எங்கள் பகுதியில் மணமுடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிபோகிறான். நானும் அப்படிப் போனவன். முதல் வருடம் முழுவதும் என் மனைவியின் தங்கை எனக்கு முன்னால் நின்று ஒரு சொல் பேசியதில்லை. அவளுக்கு என்ன தேவை என்றாலும் அது என் மாமியிடம் போய், மனைவியிடம் வந்து, பிறகே என்னிடம் வரும். பாதிக்கு மேல் வந்து சேராது. இவையெல்லாம் தெரிந்திருந்தும் போன் இருக்கிறதா என்றுதான் கேட்டேன். யாருடையது என்று கேட்கவில்லை. போன் இல்லை என்று அவள் சொல்லியிருந்தால் மூன்றாம் பட்டியலுக்குப் போயிருப்பாள். அந்தப் பட்டியலில் இருந்த எல்லாரும் கொப்பியை நிரப்பிக்கொண்டு வந்திருந்தார்கள்.

மறுநாளே அச்சிட்ட பாடங்கள் அத்தனையையும் அவளிடம் கொடுத்தேன். பாடசாலை விட்ட பின் நிறுத்திவைத்துச் சொல்லியும் கொடுத்தேன். விடுபட்ட மாதங்கள் அதற்குள் அடங்கவில்லை. அவள் கணிதத்தில் சித்தியடையவில்லை.

உயர்தர வகுப்புக்கான விண்ணப்பத்தில் கையொப்பம் வாங்க அவள் வந்தபோது ஆசிரியர் ஓய்வறையில் நான் மட்டும் இருந்தேன். பிரிவு என்ற இடத்தில் கலை என்று எழுதியிருந்தாள். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

“கலையிலயும் நல்லா வரலாம், மகள்.”

“வரலாம் சேர்.” தாளை என் பக்கம் தள்ளினாள். “அண்டைக்கி வகுப்பில நீங்க ஏசினத்த உம்மாட்ட நான் சொல்லல்ல. சொன்னா மச்சானுக்குப் போயிரும். அவருக்கு வெக்கமாப் போயிரும்.”

அவளுக்கும் வெட்கமாக இருந்திருக்கும் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். கையொப்பமிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். நான் திகதி போட மறந்ததை அவள்தான் சுட்டிக்காட்டினாள்.