நூற்று இருபத்தேழுக்கு மேல்

அமலாவின் பணியாளர் எண் 131. திண்டிவனம் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளர். நான் அங்கேயே விரிவுரையாளர், எண் 94. அவள் கோலியனூர்க்காரி, நான் விழுப்புரம். ஐந்து வருடமாக ஏழேகால் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போய் வந்தோம். முன்னால் ஏறுகிறவர் இடம் பிடித்து வைப்பது வழக்கம். பெரும்பாலும் அவள்தான் பிடிப்பாள்.

இந்த வருடம் வருகையைப் பார்த்துப் பணி நிரந்தரம் என்று நிர்வாகம் அறிவித்தது. விரல் வைக்கும் இயந்திரத்தின் பட்டியலை எடுத்தார்கள். அதில் அமலா ஜூன் மாதத்திலிருந்து ஒரு நாள்கூட வரவில்லை. அவள் மட்டுமில்லை, 128ஆம் எண்ணிலிருந்து யாருமே வரவில்லை. கடைசியாகச் சேர்ந்த லேப் ஆட்கள், பஸ் டிரைவர்கள், கூட்டிப் பெருக்குகிறவர்கள். எங்கள் கல்லூரியில் அவர்கள் வரவில்லை என்று பட்டியல் சொன்னால் யாருக்கும் ஆச்சரியமில்லை. பெருக்கும் முனியம்மாளிடம், பினாயில் தண்ணீரில் உன் விரல் தேய்ந்துபோயிருக்கும் என்றார்கள்.

விரல் வைத்தவரின் எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டு வருகை போடும் ஜாவா புரோகிராமை ஜூனில் எழுதியவர் எங்கள் துறைத்தலைவர் சீனுவாசன். அமலா அதைத் திறந்து பார்த்துவிட்டு பஸ்ஸில் எனக்குச் சொன்னாள்.

“நம்பரை டப்பாவுல போட்டுக்கினு வர்றாருக்கா. 127 வரைக்கும் ஜாவாவே ரெடியா டப்பா வெச்சிக்கினு இருக்குது. அதுக்கு மேல ஒவ்வொரு வாட்டியும் புது டப்பா. இவரு உள்ள இருக்கிற நம்பரைப் பாக்கல, ரெண்டும் ஒரே டப்பாவான்னு பாக்கறாரு. அப்புறம் மெஷின்ல வர்ற 131ம் லிஸ்ட்ல இருக்கிற 131ம் எப்படிக்கா ஒண்ணாவும்?”

திருத்தத்தையும் அவளே எழுதினாள். டப்பாவே இல்லாமல், பட்டியலிலிருந்து வெறும் எண்ணை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும் ஓர் இட்டரேட்டர். இருபது வரிகூட வராது. பன்னிரண்டு வருடமாக ஜாவா நடத்தும் எனக்கு அது தோன்றவில்லை.

சீனுவாசன் வாங்கிப் பார்த்தார், அப்படியே புரோகிராமில் போட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து எல்லோரும் வந்தவர்களானார்கள். புரோகிராமின் தலையில் அவர் பெயர்தான் இருந்தது. பழைய நாட்களை அவர் தொடவில்லை. தொட்டால் தப்பு யாருடையது என்ற கேள்வி வருமே.

அமலாவின் வருகை பற்றித் தாளாளர் அறையில் விசாரணை நடந்தது; என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

“புரோகிராம்ல தப்பே இல்லைங்க சார். இப்பகூட இந்தப் பொண்ணு வந்துதுன்னு காட்டுது பாருங்க. அப்ப வந்திருந்தா அப்பவும் காட்டியிருக்கும்” என்றார் சீனுவாசன். அவள் எழுதிக் கொடுத்ததையே காட்டி அவளை மாட்டிவிட அந்த மனிதருக்குக் கூச்சமே இல்லை.

தாளாளர் என் பக்கம் திரும்பினார். “மேடம், நீங்களும் விழுப்புரத்திலேர்ந்துதானே வர்றீங்க. இவங்க தினமும் வந்தாங்களா?”

அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு. அதற்குச் சீனுவாசன் கையெழுத்து வேண்டும்.

“நான் கவனிச்சதில்லைங்க சார்” என்றேன்.

அன்று சாயங்காலமும் அமலா எனக்கு முன்னால் ஏறி இடம் பிடித்திருந்தாள். நான் வந்ததும் எழுந்து, “உக்காருங்க மேடம்” என்று சொல்லிவிட்டு, விழுப்புரம் வரை பின்னால் போய் நின்றுகொண்டாள்.