நாலு விரல் டீசல்

டீசல் கணக்கைப் பத்தி யாராச்சும் பேச்செடுத்தா எனக்குப் பத்திக்கினு வரும். எங்க குப்பத்துல சாயங்காலம் ஆனா அதே பேச்சுதான். இவன் இஞ்சின் மணிக்கு இவ்ளோ குடிக்குது, அவன் இஞ்சின் அவ்ளோ குடிக்குதுன்னு. நான் துண்டை உதறிக்கினு எழுந்து போயிடுவேன். திமிரு புடிச்சவன்னு பேசிக்கறாங்க. பேசிக்கட்டும்.

மரக்காணத்துக்குத் தெக்கால எங்க ஊரு. பொறந்ததுல இருந்து கடல்தான். சுனாமிக்கு அப்புறம் ஊரெல்லாம் ஃபைபர் போட்டுக்கு மாறினப்ப, நான் மட்டும் சம்பளத்துக்கு வேற ஒரு படகுல சேர்ந்தேன். குயிலாப்பாளையத்துல குடியிருந்த ஒரு வெள்ளக்காரர் சொந்தமா பாய்ப்படகு ஒன்னு வெச்சிருந்தார். நாலு பேர் படுக்கலாம். பெரிய பாய் ரெண்டு, அடியில சின்ன டீசல் இஞ்சின். புதுச்சேரி துறைமுகத்துல கட்டி வெச்சிருப்பார். கடல் தெரிஞ்ச ஆள் ஒருத்தன் கூட வேணும்னு என்னைக் கூப்பிட்டார்.

நல்ல மனுஷன்தான். ஆனா டீசல்ல மகா கஞ்சன். துறைமுக வாய்க்குள்ள நுழையவும் வெளிய வரவும் இஞ்சின். காத்து சுத்தமா செத்துப்போனா இஞ்சின். மத்தபடி பாய்தான். அப்படியே இஞ்சினைப் போட்டாலும் பாதி வேகத்துக்கு மேல கைப்பிடியைத் தள்ள வுடமாட்டார். "மெதுவாக, மெதுவாக"ன்னு பின்னாலயே நிப்பார். எங்க ஆளுங்க இஞ்சினுக்கு ரெண்டே நிலைதான். ஒன்னு நின்னுக்கினு இருக்கும், இல்லன்னா உசுரு போற மாதிரி கத்தும். என் வூட்டுக்காரியோட தம்பி, என் மச்சான், கடல்ல எங்களைத் தாண்டிப் போவும்போதெல்லாம், "மாமா, உங்க கப்பலை வுட ஆமை ஜல்தியா போவுது"ன்னு சிரிச்சுக்கினே போவான். சொந்தமா ஒரு நீலக்கலர் போட்டு வெச்சிருந்தான். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆவல.

வெள்ளக்காரர் சொன்னது என்னமோ வாஸ்தவம்தான். முழுசா முடுக்கினா வேகம் துளிதான் கூடும், டீசல் ரெட்டிப்பா போவும். பாயையும் ஏத்திக்கினு இஞ்சினை முனகலா ஓட வுட்டா, கம்மி டீசல்ல ரொம்ப தூரம் போலாம். ஓட்டிப் பார்த்து நானே தெரிஞ்சுக்கினேன். ஒத்துக்கத்தான் வயித்தெரிச்சலா இருந்துச்சு.

டேங்கு உள்ள, தரைப்பலகைக்குக் கீழ, ஒரு பக்கமா இருக்கும். மூடியைத் தொறந்து குச்சி வுட்டுப் பார்க்கணும். எங்க போட்டுல அந்த பேஜாரெல்லாம் கெடையாது. கேன்தான். தூக்கினா எவ்ளோ இருக்குன்னு கையே சொல்லிடும். அதனால குச்சி வுடற வேலையை நான் தொடவே மாட்டேன். படகு கட்டிக்கெடக்கும்போது காலைல அவரே வுட்டுப் பார்த்துக்குவார்.

அன்னைக்குப் பங்குனி வெயில். மரக்காணம் வரைக்கும் வடக்க போய்ட்டுத் திரும்பிக்கினு இருந்தோம். எதிர்ல தெக்கத்திக் காத்து. பாயை இறுக்கிக் கட்டியிருந்ததால படகு நல்லா ஒருக்களிச்சுப் போய்க்கினு இருந்துச்சு. தூரத்துல, காத்து வர்ற பக்கம், ஒரு துடுப்பு நட்டுக்கினு நின்னுச்சு. துடுப்பு முனையில லுங்கி. எங்க கடல்ல துடுப்புல துணி கட்டித் தூக்கினா, பாக்கறவன் பரம எதிரியா இருந்தாலும் வலையை அறுத்துட்டாவது போயாவணும். அதுக்கு மேல ஒரு சட்டம் எங்களுக்குக் கெடையாது.

தூரக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். நீல போட்டு. விளிம்பு வரைக்கும் தண்ணி. உள்ள ரெண்டு பேர். "சார், என் மச்சான் சார், இஞ்சினைப் போடுங்க"ன்னு கத்தினேன்.

அவரு மொகமும் மாறிடுச்சு. ஆனா மொதல்ல கேட்டது, "டீசல் எவ்வளவு இருக்கிறது, பாருங்கள்." முந்தின நாள் காத்தே இல்லாம ரொம்ப நேரம் இஞ்சின்ல வந்திருந்தோம். ராத்திரி கடல்லயே இருந்துட்டதால காலைல அவரு குச்சி வுட்டுப் பார்க்கல. கீழ ஓடிப்போய் மூடியைத் தொறந்து குச்சியை வுட்டேன். நாலு விரல்கூட நனையல. அதை அப்படியே மேல பார்த்துச் சொன்னேன்.

அவரு பாயைத் தளர்த்தி வுட்டுட்டு வரைபடத்தை விரிச்சாரு. நாலு விரல் டீசல் துறைமுக வாய்க்குள்ள நுழையத்தான் சரியா இருக்குமாம். காத்தை எதிர்த்துப் போய், தண்ணி ரொம்பின போட்டை இழுத்துக்கினு திரும்பினா நடுவுலயே தீர்ந்துடுமாம். வாய்கிட்ட இஞ்சின் நின்னா அலை தூக்கிக் கல்லுல அடிக்கும், நாலு பேரும் சாவோமாம். பாயிலயே வளைச்சு வளைச்சுப் போலாம், இல்லன்னா செல்லுல சிக்னல் கெடைக்கற தூரத்துக்குக் கரைப்பக்கம் போய்ப் பெரிய போட்டைக் கூப்பிடலாம்னாரு. நான் வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். தமிழ்ல அவருக்கு அது மட்டும் நல்லாவே புரியும். அவரு மறுபடி மறுபடி விரலால தூரத்தை அளந்துக்கினு இருந்தாரு. இருபது நிமிஷம் இருக்கும். பாய் படபடன்னு அடிச்சுக்கினு படகு நின்ன இடத்துலயே ஆடிக்கினு கெடந்துச்சு. இருபது நிமிஷம் அந்தாளுகிட்ட நியாயம் பேசிக்கினு நின்னேனே, என்னைச் செருப்பால அடிக்கணும்.

அப்புறம் நானே போய் இஞ்சினைத் தட்டி வுட்டேன். அவரு தடுக்கல. நான் முழுசாத் தள்ளின கைப்பிடியைப் பாதிக்கு இழுத்து வெச்சுட்டு, பாயை இறுக்கினாரு. போனோம்.

கிட்ட போனா போட்டுல ஒருத்தன்தான் இருந்தான். மச்சானோட கூட்டாளி. கயித்தைப் புடிச்சு அவனை மேல ஏத்தினேன். பல்லு கிட்டிக்கினு இருந்துச்சு.

"எங்க அவன்?"

"நீங்கதான் நின்னுட்டீங்களே. பாய் ஆடுது, கப்பல் திரும்பல. எங்களைப் பார்க்காமலே போயிடுவீங்கன்னு காலி கேனைக் கட்டிக்கினு உங்ககிட்டயே நீந்திப் போறேன்னு குதிச்சுட்டான். உங்க வழியில வரலையா?"

பொழுது சாயற வரைக்கும் தேடினோம். இஞ்சின் ஓடிக்கினேதான் இருந்துச்சு. கேன் கெடைச்சுது. மூணாம் நாள் அவனும் கெடைச்சான். திண்டிவனம் பெரியாஸ்பத்திரி வாசல்ல என் வூட்டுக்காரி என் சட்டையைப் புடிச்சுக்கினு, எதுக்கு நின்னீங்க, எதுக்கு நின்னீங்கன்னு கேட்டா. அந்தாளு டீசல் பத்தாதுன்னுட்டான்னு சொன்னேன். அன்னைக்கு எனக்குத் தெரிஞ்ச நெசம் அதுதான்.

கருமாதி முடிஞ்சு துறைமுகத்துக்குப் போனேன். என் துணிமணியை எடுத்துக்கினு, நாலு வார்த்தை நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேட்டுட்டு வரணும்னுதான். அவரு உள்ள ஒக்காந்திருந்தாரு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள, தரைப்பலகையைத் தூக்கி, டேங்கு மூடியைத் தொறந்து, குச்சியை வுட்டு எங்கிட்ட நீட்டினாரு. அன்னைக்கு அப்புறம் ஒன்னுமே ஊத்தலையாம். ஒரு சாண் நனைஞ்சிருந்துச்சு. அன்னைக்குப் போய், தேடி, திரும்பி வந்ததுக்கு அப்புறமும் ஒரு சாண்.

"நீங்கள் அளந்தபோது படகு சாய்ந்திருந்தது. டீசல் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. குச்சி இந்தப் பக்கம். நான் யோசித்திருக்க வேண்டும்"னாரு.

நான் யோசித்திருக்க வேண்டுமாம். நீ ஏன் யோசிக்கலன்னு அந்தாளு என்னை ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா அங்கயே அடிச்சிருப்பேன், மனசாவது ஆறியிருக்கும். சாஞ்ச பாத்திரத்துல தண்ணி ஒரு பக்கம் ஒதுங்கும்னு சின்னக் கொழந்தைக்குத் தெரியும். கேனைத் தூக்கிப் பார்த்தே பழகின கையி எனக்கு. குச்சியை வுட்டேன், நனைஞ்ச அளவைக் கத்தினேன். துணிமூட்டையைக்கூட எடுக்காம வந்துட்டேன். கொஞ்ச நாள்ல அவரு படகை வித்துட்டு ஊரை வுட்டே போயிட்டாரு.

வருஷம் ஓடிப்போச்சு. வூட்டுல இதை நான் சொல்லல. என் வூட்டுக்காரி பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவக்கரைக்குப் போவா. நான்தான் வண்டியில வெச்சுக் கூட்டிக்கினு போறேன். என் தம்பியைச் சாவ வுட்டவன் வெளங்கக் கூடாது தாயேன்னு காளிகிட்ட வாய்விட்டே கேக்கறா. அவளுக்கு அந்தாளு பேரு வாயில நுழையாது, அதனால பேரு சொல்றதில்ல. நான் பக்கத்துல கையைக் கூப்பிக்கினு நிக்கறேன்.