சட்டிக்குள் வைத்த மணி

ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில் நூறு நாள் வேலைக்கு நான்தான் பணித்தளப் பொறுப்பாளர். பத்தாவது வரை படித்தவள் என்பதால் கிடைத்த பொறுப்பு. காலையில் ஒரு முறை, மதியத்துக்குப் பிறகு ஒரு முறை, வேலை செய்கிறவர்களை என் போனில் படம் பிடித்து ஏற்ற வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அன்றைய நாள் கூலி யாருக்கும் இல்லை.

நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. "மணி இன்னா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பதில் சொல்லக் கூச்சப்பட்டு, போனைப் பாறைமேல் சாய்த்து வைத்தேன். பூட்டியிருந்தாலும் திரையில் மணி தெரிந்துகொண்டே இருக்கும் வசதி அதில் உண்டு. அதற்கு முன் ஓவர்சியர் சொன்னதுதான் எங்களுக்கு மணி. "இன்னும் ஆவல, வெட்டுங்க" என்பார். வெட்டுவோம். போன் பாறையில் ஏறிய பிறகுதான் வேலை விடுகிற நாலு மணி நாலு மணிக்கே வந்தது.

ஒருநாள் மதியப் படத்துக்காகப் போனை எடுத்தால் சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது. முப்பத்திரண்டு பேர் வெயிலில் மண் வெட்டிய நாள் வீணாகப் போயிற்று. அவர்களில் ஒருவரும் என்னைத் திட்டவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. ஓவர்சியர் பேசினார்.

"கடிகாரம் காட்டவாம்மா ஒன்ன வெச்சிக்கீது? நாளைலருந்து அத்த ஆஃப் பண்ணு. முடியலன்னா சொல்லு, வேற ஆளப் போட்டுக்கிறேன்."

தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் மணியை அணைத்தே வைத்தேன். சார்ஜ் நின்றது. வேலையை விடும்போது பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் வீடு போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை செட்டிங்கில் நுழைந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். மணிக்குப் பின்னால் முருகனும் மயிலும் கலர் கலராக நாளெல்லாம் எரிந்துகொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் படத்தோடு, ஒரு மணி நேரம் படமில்லாமல் வைத்து, சார்ஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தேன். கருப்பாகக் கிடக்கிற இடம் சார்ஜைத் தின்பதில்லை. படத்தை எடுத்தேன். ஓடுகிற நொடியை எடுத்தேன். மெல்லிய வெள்ளை எண்கள் மட்டும், அதுவும் வேலை நேரத்தில் மட்டும் தெரியும்படி வைத்தேன்.

திங்கட்கிழமை வெயிலில் அந்த எண்கள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

"யக்கா, முருகன எங்க தொரத்தி வுட்ட?" என்றாள் மண் சுமக்கிற ஒருத்தி. "மணியும் அவரு கூடவே பூட்ச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் மண் சுமக்கும் இரும்புச் சட்டி ஒன்றைப் பாறைமேல் ஒருக்களித்து வைத்து, போனை அதற்குள் நிறுத்தினேன். நிழலில் எண்கள் பளிச்சென்று தெரிந்தன. இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைப் போனே குறைத்துக்கொண்டது. ரொம்ப உள்ளே தள்ளினால் பைக்குள் இருப்பதாக நினைத்து அணைந்துவிடுகிறது. அதனால் விளிம்போரமாகச் சாய்த்தேன்.

மதியம் தாண்டி ஓவர்சியர் வந்தார்.

"இன்னாம்மா இது, சட்டிக்குள்ள கோயில் கட்டிக்கீற?" என்று போனை வெளியே எடுத்தார். "ஆஃப் பண்ணச் சொன்னேன் இல்ல?"

"சார்ஜ் பாருங்க சார். பாதிக்கு மேல கீது."

"நான் சார்ஜப் பத்திக் கேக்கல."

"தெரியுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "மணி தெரியறதுதான் ஒங்களுக்குக் கஷ்டம். அத்த அணைக்க மாட்டேன். வேற ஆளப் போடறதுன்னா போடுங்க. வர்றவங்களுக்கும் இத்தச் சொல்லிக் குடுத்துட்டுத்தான் போவேன்."

யாரும் கூப்பிடாமலே மண்வெட்டிகளைக் கீழே போட்டுவிட்டு முப்பத்திரண்டு பேரும் படத்துக்கு வரிசையாக வந்து நின்றார்கள். அவர் கையிலிருந்து போனை வாங்கினேன்.

"கொஞ்சம் ஓரமா நில்லுங்க சார்" என்றேன். "படத்துல வுழறீங்க."