துளிர் விட்ட முடவாட்டுக்கால்

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் முடவாட்டுக்கால் சூப் மணத்தது. மரத்திலும் பாறையிலும் தொற்றி வளரும் பெரணிச் செடியின் கிழங்கு அது; ஆட்டுக்கால் போல மயிர் அடர்ந்திருக்கும்.

என் சிறுவயதில் அம்மாவின் மூட்டு வலிக்கு அப்பா அதை வாங்கிவந்தார். சீவ உட்கார்ந்த அம்மா, நுனியில் பச்சைத் துளிரைப் பார்த்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"உயிரோட இருக்குங்க."

பழைய புடவைக் கிழிசலால் வீட்டு மாமரத்தில் கட்டி, தினமும் வலிக்கிற காலோடு ஸ்டூலில் ஏறித் தண்ணீர் தெளித்தாள்.

"உன் காலுக்குன்னு வாங்கினேன். நீ என்னடான்னா அதுக்காக ஸ்டூல் ஏறிக்கிட்டிருக்க," என்பார் அப்பா. மழைக்காலத்தில் மரத்துக்கே இறகு முளைத்ததுபோல் இலை விரியும்.

"கிழங்காவும் கீதுக்கா. பாரு, துளிர் வுட்டுகீது," என்று சூப்காரர் ஒன்றை நீட்டினார்.

மாமரம் நின்ற இடத்தில் இப்போது எங்கள் அபார்ட்மெண்டின் லிஃப்ட். அதுவும் ரிப்பேர்.

"சூப்பே குடுங்கண்ணா," என்றேன். மூன்று மாடி ஏற வேண்டும், இந்தக் காலோடு.