சோபாவுக்குள் போன தையல் மெஷின்

அத்தை சோபாவுக்கு உறை தைப்பவள். அவளிடம் வேலை வாங்கிய பெரிய கடை காசு தராமல் மூடிக்கொண்டது. நூலும் துணியும் கடனுக்குத் தந்தவர்கள் அவள் வாசலில் நின்றார்கள். கடைசியில் திவால் மனு கொடுத்தாள். நான் ஊர் திரும்பிய வாரம் அது.

"திவால்னா பல்லு குத்துற குச்சியக்கூட விட மாட்டாங்கக்கா" என்றார் எதிர்க்கடை பெயிண்டர். அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். அன்றிலிருந்து அத்தைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சொத்தைக் கணக்கெடுக்கக் கோர்ட் அதிகாரி வருவதற்கு முந்தைய நாள், பட்டறையில் கிடந்த பச்சை சோபாவின் முதுகைப் பிரித்தாள். சில ஸ்பிரிங்குகளை வெட்டியெறிந்து, மெஷினை மேசையிலிருந்து கழற்றி உள்ளே இறக்கி, பஞ்சு அடைத்துத் தைத்துவிட்டாள். தையல் எங்கே என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை.

"இது போச்சுன்னா என் கைய வெட்டிக்கிட்டுப் போன மாதிரிடி."

மறுநாள் வந்த அதிகாரி மரியாதையாகப் பேசினார். அத்தைக்கு அதுவே கூடுதல் நடுக்கம். கட்டில், அடுப்பு, துணிமணி என்று பார்த்துக்கொண்டே வந்து, "இதெல்லாம் உங்களுக்குத்தாம்மா" என்றார். வெறும் மேசையருகே நின்றார்.

"மெஷின் எங்க?"

"வித்துட்டேன் சார்."

"அடடா, தொழில் சாமானை நீங்களே வெச்சுக்கலாமே! அதை யாரும் எடுக்க மாட்டாங்க." பிறகு கூட வந்திருந்த ஆட்கள் பக்கம் திரும்பினார். "சோபா மட்டும் ஏலத்துக்குப் போகும். தூக்குங்கப்பா."

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உள்ள பொணம் கிணம் இருக்கா சார்? இந்தக் கனம் கனக்குது!" என்றான் தூக்கியவர்களில் ஒருவன்.

"உன் மாமியாரா இருக்கும், மெதுவாத் தூக்கு" என்றான் இன்னொருவன்.

வாயைத் திறந்தால் பொய் சொன்ன குற்றம். திறக்காவிட்டால் மெஷின் லாரியில். சோபா வாசற்படியைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"இறக்குங்கப்பா." அத்தை சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். கத்தரிக்கோலோடு போய் முதுகைக் கிழித்தாள். பஞ்சுக்கு நடுவே மெஷின் கறுப்பாகத் தெரிந்தது.

அதிகாரி குனிந்து பஞ்சை விலக்கிப் பார்த்தார்.

"பயந்துட்டீங்களாம்மா?"

"ஆமா சார்."

"முதல்லயே காட்டியிருந்தா பிரச்சினையே இல்ல. மறைச்சதை நான் எழுதாம இருக்க முடியாது. இது உங்களுக்கா இல்லையான்னு இனி நீதிபதிதான் சொல்லணும்."

"எப்ப சொல்லுவாங்க?"

"தெரியலம்மா. அதுவரைக்கும் இதைத் தொடாதீங்க."

மெஷினைத் தரையில் வைத்தார்கள். அத்தை அந்தப் பக்கமே பார்க்கவில்லை. "கிழிஞ்சு கெடந்தா விலை போகாது" என்று முணுமுணுத்தபடி வளைந்த ஊசியை எடுத்தாள். நூல் காதில் நுழைய மறுத்தது. நான் கோத்துக் கொடுத்தேன். சோபாவின் முதுகைக் கையாலேயே தைத்து மூடினாள்.

இந்தத் தடவை தையல் கோணல்மாணலாக, தெருவிலிருந்தே தெரிந்தது.