ஒரே சுருளில் இரண்டு விசேஷம்

ஜெரூ பஸ்தாவாலா பம்பாயில், தாதர் பார்சி காலனியில் மூன்றாம் மாடியில் பிறந்து, அங்கேயே நரைத்தவள். கல்யாணம் ஆகவில்லை. படுக்கையில் விழுந்த அப்பா மேர்வான்ஜிக்குப் பதினோரு வருஷம் ஊட்டி, துடைத்து, போன வருஷம்தான் கடைசியாக வழியனுப்பி வைத்தாள்.

மேர்வான்ஜிக்குப் படம் பிடிக்கும் பைத்தியம். வீட்டுக்குள் பிடிக்கக் கண் கூசும் விளக்கு வேண்டும். தூக்கிப் பிடிப்பவள் ஜெரூ. தம்பி பர்ஜோர் தவழ்ந்தது, விழுந்தது எல்லாம் படமானது. அம்மாவும் உண்டு, அவனைப் பார்த்தபடி. விளக்குப் பிடிப்பவள் எந்தப் படத்தில் வருவாள்?

ஒரே ஒரு நாள் வந்தாள். எட்டு வயதில், இடுப்பில் புனிதக் கயிறு கட்டும் நவ்ஜோத் சடங்கு. தோட்டத்து வெயிலில் அம்மா அவளுக்கு முட்டையும் தேங்காயும் சுற்றி உடைத்தாள். மறுவருஷம் அம்மா போய்விட்டாள். அவள் தன்னைப் பார்த்துச் சிரித்ததை ஒரு தடவை பார்க்க வேண்டும். ஜெரூவின் ஆசை அவ்வளவுதான்.

கேட்கும்போதெல்லாம் மேர்வான்ஜி சொல்வார்: "அந்தச் சுருள் ரொம்ப நைஞ்சு போச்சு, தீக்ரி, மகளே. ஓட்டினா அறுந்துடும்."

அவர் போன பிறகு பர்ஜோர் டொரான்டோவிலிருந்து பேசினான். "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல பாக்கற மாதிரி மாத்தி அனுப்பு ஜெரூ. பசங்களுக்குக் காட்டணும்."

கிராண்ட் ரோடு கடையில் ஹஸ்முக் சுருள்களை மாற்றித் தந்தான். கடைசிச் சுருள்தான் நவ்ஜோத்தாக இருக்க வேண்டும்; ஜெரூ தலைத்துணியை இழுத்துவிட்டு, வாய்க்குள் ஜெபம் சொன்னாள்.

"மூச்சு விடுங்க ஆன்ட்டி. படம் எங்கயும் ஓடிப்போகாது."

திரையில் கேக். ஒரு வயதுப் பர்ஜோர். அவன் கன்னத்துக்குள் புகை மாதிரி ஒரு பெண் குழந்தை.

"யாரு ஆன்ட்டி இது, பேயா?"

"நான்."

ஹஸ்முக் சிரிப்பை விழுங்கினான். "இந்த ஃபிலிமை ஒரு பாதி எடுத்ததும் கேமராவுல திருப்பிப் போடணும். உங்க அப்பா திருப்பாம, எடுத்ததுக்கு மேலயே எடுத்துட்டார்."

சுருளின் அட்டையில் அப்பாவின் கையெழுத்து. 'ஜெரூ நவ்ஜோத்' அடிக்கப்பட்டிருந்தது. கீழே, 'பர்ஜோர் முதல் பிறந்தநாள்.' ஐம்பது வருஷமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பிறந்தநாளில் விளக்கைப் பிடித்தவளும் அவள்தான்.

"அம்மா வர்ற இடத்துல நிறுத்துப்பா."

நிறுத்தினான். தேங்காய் பிடித்த கை தெரிந்தது. முகம் இருந்த இடத்தில் கேக், வெள்ளை வெளேரென்று.

பர்ஜோருக்கு அனுப்பினார்கள். உடனே போன் வந்தது; ஸ்பீக்கரில் போட்டாள். "என் முதல் பர்த்டே! மேல ஏதோ அழுக்கா இருக்கே, துடைக்கச் சொல்லேன்."

"அழுக்கில்லடா. அம்மாவும் நானும்."

"ஓ... அப்ப உன்னுதை நீ பிரிச்சு வெச்சுக்கோ. என்னுதை அனுப்பு."

"பால்ல கலந்த தண்ணியைப் பிரிக்கச் சொல்றாரு," என்றான் ஹஸ்முக். "வேணும்னா பழசை இன்னும் மங்க வைக்கலாம். செய்யவா?"

"அவன் கேட்டபடியே செய். எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

அன்று அப்பாவின் மாத ஜெப நாள். நேரே அக்னிக் கோவிலுக்குப் போய்ச் சந்தனக்கட்டையை நீட்டினாள்.

"யார் பேருக்கு, ஜெரூபாய்?" என்றார் பூசாரி.

மாதம் தவறாமல் அவள் சொல்லிவந்தது அப்பாவின் பெயர். பூசாரி காத்திருந்தார். பின்னால் நின்றவர்கள் கனைத்தார்கள். ஜெரூ கட்டையை அவர் கையில் வைத்துவிட்டு, பெயர் சொல்லாமலே படியிறங்கினாள்.